பதினான்காம் கட்டம்

பேனாவை அக்குளில் செருகிக்கொண்டுதான்
கணவாய் ஏறுவேன்.
மை உறைந்துபோனால்
மலைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் ஏழையில்லை,
அரசாங்கத்துக்கு.

நாரினிலிருந்து நான்கு மணி நேரம்.
பனி சரிந்தால் கணக்கில்லை.
நிவா காருக்கு என்னைவிட ஒரு வயது கூடுதல்,
கிளட்சை மிதித்தால் முனகும்.
பின்னிருக்கையில் படிவக் கட்டு, கம்பளி,
ஒரு சக்கர நாற்காலி.
கேட்ட மனிதர் போன வருடமே போய்விட்டார்.
இருந்தாலும் ஏற்றிக்கொண்டு அலைகிறேன்,
யாருக்காவது கால் போகாமலா இருக்கும்.

ஜிபார்குல் வீடு ஆற்றுக்கு அக்கரை.
மூன்று பிள்ளைகள்.
கணவன் மாஸ்கோவில் சுவர்ப் பூச்சு வேலை;
இரண்டு வருடமாய்ப் பணமும் இல்லை, குரலும் இல்லை.
அடுப்பில் வறட்டி புகைந்தது.
படிவத்தை முழங்காலில் விரித்தேன்.

கூரை: தகரம்.
சன்னல்: இரண்டு, ஒன்றில் அட்டை.
தொலைக்காட்சி: உண்டு. படம் வராது.
படம் வராததற்குக் கட்டம் இல்லை, 'உண்டு'தான்.
ஆடு: ஆறு.
கோழி: நரி தின்றது போக, இல்லை.

பதினான்காம் கட்டம், குதிரை.

சன்னலுக்கு வெளியே அது
குளம்பால் பனியைக் கிளறிப் புல் தேடிக்கொண்டிருந்தது.
செம்பழுப்பு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
அதன் முதுகில் தொற்றிக்கொண்டுதான்
மூன்று பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.
என் கையிலிருந்த அட்டவணைப்படி
குதிரை ஒன்று, ஆடு ஏழு.
ஆறும் ஏழும் பதின்மூன்று.
பன்னிரண்டைத் தாண்டினால் பணம் கிடையாது.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை
எழுதாத பேனாபோல் தட்டினேன்.
"அது பக்கத்து வீட்டுக் குதிரையோ?"
பக்கத்து வீடு பதினோரு கிலோமீட்டர்.
"வழி தப்பி வந்ததோ?"

மூத்தவன் ஏர்மெக்குக்குப் புரிந்துவிட்டது.
வாய் திறந்தான்.
தாய் முந்திக்கொண்டாள்:

"என் குதிரை. என் அப்பா கொடுத்தது.
கஷ்கா என்று பேர், பேரையும் எழுது.
குதிரை இல்லாதவள் என்று
என் பெயருக்கு நேரே எழுதி
முத்திரை குத்திவிட்டுப் போகாதே."

எழுதினேன்: ஒன்று.
பெயரை ஓரத்தில், பென்சிலால்.
ரொட்டியில் வெண்ணெய் தடவித் தந்தாள்.
வெண்ணெய்க்கும் கட்டம் உண்டா என்றாள்.
சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

தபால் ஏறாத ஊர்.
நிராகரிப்பையும் நானேதான் கொண்டுபோக வேண்டும்.
கணவாய் திறக்க மார்ச் ஆனது.

முளையில் கயிறு மட்டும் இருந்தது,
பனியில் விறைத்து, முடிச்சு அவிழ்க்கப்பட்டு.
விற்றாயா என்று கேட்கவில்லை.
மூலையில் இரண்டு மூட்டை மாவு,
பிள்ளைகள் காலில் புது பூட்ஸ்.
ஏர்மெக் என் முகத்தைப் பார்க்கவில்லை.
எல்லாரும் பதினோரு கிலோமீட்டர்க்காரனின் பெயரைச்
சொல்லாமல் இருந்தோம்.

உங்களிடம் குதிரை இருக்கிறது
என்று சொல்லும் கடிதம் உட்பையிலேயே கிடந்தது.
புதுப் படிவம் எடுத்தேன்.
தகரம். அட்டை. உண்டு. ஆறு. இல்லை.

"இப்போது எழுது" என்றாள்.

"மை உறைந்துவிட்டது" என்றேன்.
பேனா என் அக்குள் சூட்டில் இருந்தது.

கையை நீட்டினாள்.
வாங்கி, கெட்டில் ஆவியில் இரண்டு புரட்டுப் புரட்டி
துணியில் துடைத்துத்
திருப்பித் தந்தாள்.

இறங்கும்போது கணவாயில் கிளட்சு போனது.
விடியும்வரை ஒரு வண்டியும் வரவில்லை.
சக்கர நாற்காலியைக் கதவோரம் சாத்திக்
காற்றை மறைத்துக்கொண்டு,
கம்பளிக்குள் கிடந்தேன்.
உட்பையில்
எல்லாத் தகுதியும் வந்துவிட்ட
ஒரு குடும்பம்.